பணிச்சோர்வு: லீவு எடுத்தும் தீராத சடவு எங்கிருந்து வருகிறது?

வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் ஒரு பெருந்தொழில் தலைவர் சொன்னார். 2025 ஜனவரியில் இன்னொருவர் அதை 90 ஆக்கினார். அந்தப் பேச்சோடு பேச்சாக 'பர்ன்அவுட்' (பணிச்சோர்வு) என்ற சொல்லும் வாட்ஸ்அப் குழுக்கள் வரைக்கும் வந்துவிட்டது. திருப்பூரில் ஒன்றரை ஷிஃப்ட் பார்ப்பவருக்கும், கோவை சரவணம்பட்டி ஐ.டி. அலுவலகத்தில் நள்ளிரவில் அமெரிக்க வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருப்பவருக்கும் இதில் நியாயமான குழப்பம் ஒன்று உண்டு. இந்த ஊரில் உழைக்காதவர் யார்? அலுப்பு எல்லோருக்கும்தான் இருக்கிறது. அப்படியென்றால் எல்லோருக்கும் பர்ன்அவுட்டா?

இல்லை. அலுப்பு வேறு, இது வேறு. வித்தியாசம் தெரியாமல் போனால் இரண்டு பக்கமும் நஷ்டம். சும்மா அசதியாக இருப்பவர் தனக்கு ஏதோ நோய் என்று பயந்துகொள்வார். உண்மையிலேயே சோர்ந்து போனவரோ "நாலு நாள் தூங்கினா சரியாயிரும்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவார்.

சடவு என்பது என்ன, பணிச்சோர்வு என்பது என்ன

கொங்கு வழக்கில் உடல் அலுப்புக்குச் சடவு என்று பெயர். "சடவா இருக்குதுங்க" என்கிறவர் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாப்பிட்டு, மதியம் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் திங்கட்கிழமை ஆளே வேறாக இருப்பார். உழைப்பு, ஓய்வு, மீட்சி என்று கணக்கு நேராகிவிடும். பணிச்சோர்வில் இந்தக் கணக்குதான் உடைகிறது. ஓய்வு எடுத்தாலும் மீட்சி வருவதில்லை.

இந்த நிலையை 1974-இல் நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையின் ஊழியர்களிடம் கவனித்து எழுதியவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-இல் இதை அளக்க 22 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஐ.சி.டி.-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் இதற்குத் தெளிவான வரையறை இருக்கிறது. வேலையிடத்தில் நீண்ட காலம் தொடர்ந்து, சரிவரச் சமாளிக்கப்படாத அழுத்தத்தின் விளைவு என்கிறது அந்த வரையறை. அதில் மூன்று கூறுகள் உண்டு:

1. சக்தி வற்றிப்போன உணர்வு.
2. செய்யும் வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, வேலையின் மீது கசப்பு.
3. வேலைத்திறன் குறைவது, அல்லது குறைந்துவிட்டது என்ற எண்ணம்.

மூன்றும் சேர்ந்திருந்தால்தான் பணிச்சோர்வு. முதலாவது மட்டும் இருந்தால் அது சடவாகவோ, தூக்கக் குறைவாகவோ, ரத்தசோகையாகவோ இருக்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் இதை நோய் என்று சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தொழில் சார்ந்த ஒரு நிலை என்றுதான் பட்டியலிட்டிருக்கிறது. வேலைக்கு வெளியே உள்ள வாழ்க்கைக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. இந்த இடத்தில் வரையறை நம் ஊர் நடப்போடு ஒத்துப்போகவில்லை. கம்பெனி பஸ்ஸில் இரவு எட்டு மணிக்கு வந்து இறங்கும் பெண் அதற்கப்புறம் அடுப்படியில் பார்ப்பதும் வேலைதான். வரையறை எப்படி இருந்தாலும், தன் பாரத்தைக் கணக்குப் போடும்போது அந்த மணி நேரங்களையும் அவர் சேர்த்தே எழுத வேண்டும்.

மோட்டார் காயில் ஏன் எரிகிறது

கிணற்று மோட்டார் காயில் எரிந்து கழற்றிக்கொண்டு போனவர்களுக்கு இந்த விஷயம் சட்டென்று பிடிபடும். மோட்டார் பெரும்பாலும் ஒரே நாளில் எரிவதில்லை. வோல்டேஜ் குறைவாக இருக்கும்போது அதே தண்ணீரைத் தூக்க அதிகக் கரண்ட் இழுக்கிறது. பேரிங் இறுகியிருந்தாலும், ஒரு ஃபேஸ் வராமல் ஓடினாலும் அதே கதைதான். வைண்டிங் சூடேறுகிறது. தாங்கக்கூடிய அளவுக்கு மேல் 10 டிகிரி சூடு கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின் பொறியாளர்களின் பழைய கணக்கு. வெளியே தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும், உள்ளே வார்னிஷ் காய்ந்து கருகிக்கொண்டிருக்கும்.

காயில் கட்டும் கடையில் விவரம் தெரிந்தவர் முதலில் கேட்பது "ஏன் எரிஞ்சுது?" என்றுதான். வோல்டேஜையும் பேரிங்கையும் பார்க்காமல் புதுக் காயில் கட்டி அதே கிணற்றில் இறக்கினால் மறுபடியும் எரியும் என்பது அவருக்குத் தெரியும்.

ஆளுக்கும் இதுதான். லீவு என்பது காயில் கட்டுவது. எதனால் எரிந்தது என்பது வேலையின் அமைப்பில் இருக்கிறது. மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் அதை ஆறு இடங்களாகப் பிரித்தார்கள். வேலைக்கும் ஆளுக்கும் இடையே இந்த ஆறில் எங்கே பொருத்தம் கெட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் சோதனை.

1. பாரம். மணி நேரம், எண்ணிக்கை, வேகம். ஒன்றரை ஷிஃப்ட் என்றால் 12 மணி நேரம், வாரம் ஆறு நாள் பார்த்தால் 72. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும் இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

2. கட்டுப்பாடு. தன் வேலையில் தான் முடிவெடுக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்பது. இதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

3. பலன். சம்பளம் மட்டுமல்ல, மதிப்பும். பீஸ் ரேட்டில் (ஒரு பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியில்) தைக்கும் டெய்லருக்குக் கை வேகம் கூடியதும் ரேட்டைக் குறைத்தால், அங்கே போவது பணம் மட்டுமில்லை.

4. கூட இருப்பவர்கள். டீ நேரத்தில் யாரோடும் பேச்சில்லாத லைன். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து, தன் மொழி பேச ஆளில்லாமல் ஹாஸ்டலில் இருப்பவருக்கு இந்தப் பாரம் இரட்டிப்பு.

5. நியாயம். சொந்தக்காரப் பையனுக்கு ஒரு சட்டம், மற்றவர்களுக்கு ஒரு சட்டம். குடும்ப நிறுவனங்கள் நிறைந்த இந்தப் பகுதியில் வெளியே பேசப்படாத பெரிய காரணம் இது.

6. மனசாட்சி. தான் சரியென்று நம்புவதற்கு எதிராகத் தினமும் வேலை செய்ய நேர்வது. அட்மிஷன் பிடிக்க வீடுவீடாக அனுப்பப்படும் ஆசிரியர், கட்ட முடியாது என்று தெரிந்த வீட்டுக்கே வசூலுக்குப் போகும் கடன் நிறுவன ஊழியர் இதில் வருவார்கள்.

பாரத்தைவிடக் கொல்வது எது: ஒரு மெர்ச்சண்டைசரின் நாள்

பாரம் அதிகமாக இருந்தாலே எரிந்துவிடும் என்றால் காடு கழனியில் வேலை செய்கிற அத்தனை பேரும் எரிந்திருக்க வேண்டும். பாரம் அதிகமாகவும் முடிவெடுக்கும் இடம் குறைவாகவும் இருக்கும் வேலைதான் ஆளை அதிகம் வாட்டுகிறது என்று ராபர்ட் கராசெக் 1979-இல் எழுதினார். திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்தில், ஆடை வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே நின்று ஆர்டரை முடித்துக் கொடுக்கும் மெர்ச்சண்டைசர் வேலை இதற்கு அச்சு அசலான உதாரணம்.

காலை ஒன்பது மணிக்கு டையிங்கிலிருந்து (சாயப்பட்டறையிலிருந்து) ஷேட் (துணியின் நிறம்) சரியாக வந்ததா என்ற கேள்வியோடு நாள் தொடங்குகிறது. டையிங் யூனிட் அவருடையதல்ல. நேற்று அனுப்பிய லேப் டிப்புக்கு (சாயம் ஏற்றிய மாதிரித் துணிக்கு) ஜெர்மனியிலிருந்து அப்ரூவல் வர வேண்டும். அங்கே அலுவலகம் திறப்பது நமக்குக் கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. அவர்கள் மாலை ஐந்து மணிக்குக் கடைசி மெயிலை அனுப்பிவிட்டுக் கிளம்பும்போது இங்கே இரவு 8.30, அல்லது 9.30. ஆக, பகலெல்லாம் தொழிற்சாலையின் நேரம், மதியத்திலிருந்து இரவு வரை பையரின் நேரம். ஒரு சம்பளத்துக்கு இரண்டு கடிகாரம். பையர் அமெரிக்காவில் இருந்தால் கேட்கவே வேண்டாம், அவர் ஆபீஸ் திறக்கும்போது நமக்கு ராச்சோற்று நேரம் ஆகிவிடும்.

இப்போது முடிவுகள் யார் கையில் என்று எண்ணிப் பாருங்கள். ஷேட்: பையர். துணி வரும் நாள்: டையிங், காம்பாக்டிங் (துணியைச் சீராக்கும்) யூனிட்டுகள். தையல் லைன் எப்போது கிடைக்கும்: புரொடக்‌ஷன் மேனேஜர். தூத்துக்குடியில் கண்டெய்னர் போய்ச் சேர வேண்டிய நேரம்: கப்பல் கம்பெனி. ஷிப்மெண்ட் தள்ளிப்போய் விமானத்தில் அனுப்ப நேர்ந்தால் அந்தச் செலவுக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் மட்டும் மெர்ச்சண்டைசர். பொறுப்பு முழுக்க அவருடையது, அதிகாரம் அவருடையதல்ல. இப்படி ஒருவர் ஒரே சமயத்தில் எட்டு, ஒன்பது ஸ்டைல் (ஆடை மாடல்) பார்க்கும்போது அவர் தூங்கும் நேரத்திலும் மூளை தூங்குவதில்லை. போனில் செய்தி வந்த சத்தம் கேட்டதுமே நெஞ்சு பகீரென்கிறதே, அது கோழைத்தனமில்லை. மாதக்கணக்கில் அப்படிப் பழக்கப்பட்ட உடம்பின் எதிர்வினை.

கோவையில் லேத் வைத்து ஜாப் ஒர்க் செய்யும் சிறு முதலாளிக்கும் இதே நிலைதான். ஆர்டர் பெரிய கம்பெனி கையில், பேமெண்ட் தேதியும் அவர்கள் கையில், சனிக்கிழமை சம்பளம் மட்டும் இவர் தலையில். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறு, குறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் வர வேண்டும். ஆனால் ஆர்டர் போய்விடும் என்ற பயத்தில் பெரும்பாலோர் வாய் திறப்பதில்லை. நேற்று மெஷின் ஓட்டியவர் இன்று முதலாளி ஆவது கொங்கு நாட்டின் பெருமை. அவருக்கு லீவு கொடுக்க ஆளில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

எப்படிக் கண்டுகொள்வது

பெரும்பாலும் சக்தி வற்றுவதில்தான் ஆரம்பிக்கிறது. பிறகு மனம் தன்னைக் காத்துக்கொள்ள வேலையிலிருந்து விலகுகிறது. கசப்பு அங்கேதான் பிறக்கிறது. அதற்கப்புறம் திறன் இறங்குகிறது. கவனிக்க வேண்டியவை:

- ஞாயிறு முழுக்கத் தூங்கியும் திங்கட்கிழமை எழும்போதே களைப்பு. ஞாயிறு சாயங்காலமே வயிற்றைப் பிசைவது.
- முன்பு அக்கறையாகச் செய்த இடத்தில் "எப்படியோ போகட்டும்" என்று விடுவது. நர்ஸ் நோயாளியைப் பெயரால் நினைக்காமல் படுக்கை எண்ணால் நினைப்பது, ஆசிரியருக்குப் பிள்ளைகளின் முகம் பார்த்தாலே எரிச்சல் வருவது.
- பத்து நிமிடத்தில் போடும் மெயிலுக்கு முக்கால் மணி நேரம் ஆவது. அனுப்பியதைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பது. செக்கிங்கில் கண்ணுக்கு நேரே இருக்கும் ஓட்டையைத் தவறவிடுவது.
- தலைவலி, கழுத்து வலி, நெஞ்செரிச்சல், அடிக்கடி சளி. வீட்டில் சின்ன விஷயத்துக்குக் கத்துவது.

இவற்றில் பாதிக்கு மேல் மூன்று மாதமாகத் தொடர்ந்தால் அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் உடனே இதற்குப் பணிச்சோர்வு என்று பெயர் வைப்பதும் தவறு. இதே முகத்தோடு வரும் வேறு சில உண்டு.

1. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி12 குறைபாடு. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின், டி.எஸ்.எச். (தைராய்டு சோதனை), சர்க்கரை, பி12 ஆகிய நான்கையும் முதலில் பார்த்துவிட வேண்டும். ஹீமோகுளோபின் 8-இல் இருக்கும் பெண்ணுக்கு மனதைப் பற்றி அறிவுரை சொல்வது அநியாயம்.

2. வெறும் தூக்கக் குறைவு. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். இரண்டு வாரம் சரியாகத் தூங்கிய பிறகு கசப்பும் போய்விட்டால் அது தூக்கப் பிரச்சினை மட்டுமே.

3. மனச்சோர்வு நோய். இதுதான் முக்கியம். பணிச்சோர்வு தொடக்கத்தில் வேலையைச் சுற்றியே நிற்கும். அவருக்கு ஊர் நோம்பியில் (திருவிழாவில்) சிரிப்பு வரும், மகளைத் தூக்கினால் மனசு இளகும். மனச்சோர்வு நோயில் எல்லாமே வெளுத்துவிடும். நோம்பியும் சுமை, பிடித்த சாப்பாடும் மண். இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி அப்படியே இருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒன்று மற்றொன்றாக மாறுவதும் உண்டு, இரண்டும் சேர்ந்து இருப்பதும் உண்டு. அதனால் சந்தேகம் வந்தால் நாமே தீர்ப்பு சொல்லிக்கொள்ளக் கூடாது.

செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் மேலே சொன்ன எந்தச் சோதனைக்கும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அந்த நேரத்தில் அவரைத் தனியே விடாமல் வீட்டில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

வழக்கமான வைத்தியங்கள் ஏன் பலிப்பதில்லை

டீ, காபி: குடித்த காஃபினில் பாதி உடம்பைவிட்டுப் போக சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணி டீயின் பாதி இரவு பதினொன்றுக்கும் ரத்தத்தில் இருக்கும். மறுநாள் களைப்பு கூடும், டீயும் கூடும்.

சனிக்கிழமை இரவுக் குடி: தூக்கத்தைச் சீக்கிரம் கொண்டுவரும், பின்னிரவில் உடைத்துவிடும். ஓய்வுக்கென்று இருந்த ஒரே நாளும் போச்சு.

ஊட்டி, வால்பாறை: போய்வருவது நல்லதுதான். ஆனால் விடுமுறையின் பலன் சில வாரங்களில் கரைந்துவிடுகிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. போனைக் கையில் வைத்துக்கொண்டு போனால் அந்தப் பலனும் கிடைப்பதில்லை. மேசையில் குவிந்த வேலை திரும்பி வரும்போது காத்திருந்தால் முதல் நாளிலேயே கணக்கு தீர்ந்துவிடும்.

வேலையை விடுவது: சில இடங்களில் இதுதான் சரி. ஆனால் கடன் தவணை இருக்கும்போது கோபத்தில் விட்டு, அடுத்த தெருவில் அதே பாரம், அதே அதிகாரமின்மை உள்ள வேலையில் சேருவது அதே கிணற்றில் மோட்டாரை இறக்குவதுதான். எரிந்த காரணம் தெரிந்த பிறகு மாறினால் அடுத்த இடத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதாவது தெரியும்.

செய்ய வேண்டியவை, வரிசைப்படி

1. இரண்டு வாரக் கணக்கு நோட்டு. தினமும் ஐந்து நிமிடம், நான்கு விவரம்: வேலைக்குப் போனதும் வந்ததுமான நேரம், தூங்கிய மணி நேரம், அன்றைக்கு அதிகம் உறிஞ்சிய வேலை, தன் கையில் இல்லாமல் போன முடிவு. வீட்டுக்கு வந்த பிறகு பார்த்த மெயிலும் பேசிய போனும் வேலை நேரமே. இரண்டு வாரம் முடிந்ததும் ஆறு காரணங்களில் எது அதிகம் வருகிறது என்று எண்ணினால் போதும். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் மேலே நிற்கும். தான் நினைத்துக்கொண்டிருந்தது அதுவாக இருக்காது. சம்பளம்தான் குறை என்று நம்பியவரின் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் சூப்பர்வைசரின் பாரபட்சம் எழுதியிருக்கும்.

2. ரத்தப் பரிசோதனை. மேலே சொன்ன நான்கு. ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளலாம்.

3. தூக்கத்தை மீட்பது. கீழே வரும் எதுவும் இதற்குப் பிறகுதான். எழும் நேரம் தினமும் ஒன்றாக இருக்க வேண்டும், டீ மதியம் இரண்டு மணியோடு சரி, போன் படுக்கையறைக்கு வெளியே. முழு நைட்டு பார்ப்பவர்கள் காலையில் வீடு வந்ததும் ஜன்னலுக்குத் தடித்த துணி போட்டு இருட்டாக்கி, குடும்பத்தாரிடம் சொல்லி, ஒரே தொடர்ச்சியாகத் தூங்க வேண்டும். நடுவில் ரேஷன் கடை, பள்ளிக்கூடம் என்று எழுப்பினால் ஆறு மணி நேரத் தூக்கம் மூன்றாகிவிடும்.

4. ஒரே ஒரு மாற்றத்தைக் கேட்பது. பத்துக் குறையை ஒன்றாகக் கொட்டினால் எதிரே இருப்பவர் காதில் விழுவது புலம்பல் மட்டுமே. நோட்டில் மேலே நிற்கும் காரணத்தில் ஒன்றை எடுத்து, எண்ணோடு சொல்ல வேண்டும். "ரொம்ப வேலைங்க சார், முடியல" என்பதற்குப் பதில், "சார், ஒன்பது ஸ்டைல நான் ஒருத்தனே பாக்கறனுங்க. போன மாசம் இருபத்தஞ்சு நாள்ல பதினேழு நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல மெயில் போட்டிருக்கறன். ரெண்டு ஸ்டைல வேற ஆளுக்கு மாத்திக் குடுங்க, இல்லீனா டையிங் ஃபாலோ-அப்புக்கு ஒரு பையனக் குடுங்க. ரெண்டு மாசம் பாத்துட்டுப் பேசலாமுங்க" என்று கேட்டால் அவர் முடிவெடுக்க ஏதோ ஒன்று கையில் இருக்கும். ஷிப்மெண்ட் வாரத்தில் கேட்கக் கூடாது, அடுத்த ஆர்டருக்கு ஆள் பிரிக்கும் நாளில் கேட்க வேண்டும். மறுத்துவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான்: அங்கே இருக்கலாமா, எவ்வளவு நாள் இருக்கலாம் என்று யோசிக்க அதுவே ஆதாரம்.

5. போனுக்கு ஒரு நேரம். முழுதாக அணைக்க முடியாத வேலை உண்டு. ஆனால் இரவு ஒன்பதுக்கு மேல் அவசரம் என்றால் அழைக்கட்டும், மெயிலும் வாட்ஸ்அப்பும் காலையில்தான் என்று சொல்லிவிட்டால் முக்கால்வாசிச் சத்தம் அடங்கும். முதல் வாரம் மனசு அடித்துக்கொள்ளும். இரண்டாவது வாரம் எத்தனை செய்தி உண்மையில் காலைவரை காத்திருக்க முடியாதது என்று எண்ணிப் பார்க்கலாம்.

6. லீவு. ஒரு வாரத்துக்குக் குறையாமல், போனை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டு எடுக்க வேண்டும். என்னென்ன நிலுவை, யாரிடம் கேட்பது என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொடுத்தால் தொல்லை குறையும்.

முற்றிப்போன சோர்வு ஒரு வாரத்தில் திரும்பாது, மாதங்கள் ஆகும். இதை வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டும். "பத்து நாள் வீட்ல சும்மாதான இருந்த, இன்னுமென்ன?" என்ற கேள்வி ஆளை நொறுக்கிவிடும்.

சட்டத்தில் என்ன இடம் இருக்கிறது

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலும் சரி, அதன் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றிய தொகுப்புச் சட்டத்திலும் சரி, வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வரம்பு. அதற்கு மேல் ஓவர்டைம், சம்பளம் இரட்டிப்பு. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை கட்டாயம். ஒன்றரை ஷிஃப்டின் அந்த அரை ஷிஃப்டுக்கு இரட்டைச் சம்பளம் வருகிறதா என்று சம்பளச் சீட்டைப் பார்த்தால் தெரியும். 2023 ஏப்ரலில் வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழிவிடும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டது. அதைச் சட்டமாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. கோவை கிராஸ்கட் ரோட்டில் சேலை விரித்துக் காட்டும் பெண்களுக்கும் இது உரிமை.

இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு (2017 முதல் உள்ள வரம்பின்படி மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை) டாக்டர் சான்றிதழ் இருந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். பணிச்சோர்வு நோய்ப் பட்டியலில் இல்லாததால் டாக்டர் அந்தப் பெயரை எழுத மாட்டார். பரிசோதித்துக் கண்டறிந்த தூக்கமின்மை, பதற்றம், ரத்த அழுத்தம், மனச்சோர்வு ஆகியவற்றைத்தான் எழுதுவார். அதனால் டாக்டரிடம் "டென்ஷன்" என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல் தூங்கும் நேரம், பசி, படபடப்பு, எத்தனை வாரமாக என்பதையெல்லாம் விரிவாகச் சொல்ல வேண்டும். கணக்கு நோட்டு அங்கேயும் உதவும்.

உண்மையிலேயே மேலாளர் வேலையோ நிர்வாக வேலையோ பார்ப்பவர்கள் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருவதில்லை. இரட்டைச் சம்பளமும் 48 மணி நேரமும் அவர்களுக்குப் பொருந்தாமல் போவது அதனால்தான். பதவி உயர்ந்ததும் வேலை நேரம் எல்லையில்லாமல் போய்விடுகிறது என்று பலர் உணர்வதற்கும் இது ஒரு காரணம்.

முதலாளி, சூப்பர்வைசர் கையில் இருப்பவை

இவற்றில் பல காசு செலவில்லாதவை. ஒரு மெர்ச்சண்டைசருக்கு எத்தனை ஸ்டைல் என்று மேல் வரம்பு வைப்பது. இரவு செய்தி அனுப்பும் வழக்கத்தை முதலில் தான் நிறுத்துவது, ஏனென்றால் முதலாளி இரவு பதினோரு மணிக்கு அனுப்பும் ஒரு 'குட் நைட்' கூட பத்துப் பேரின் தூக்கத்தைக் கெடுக்கும். மில்லில் ஷிஃப்ட் மாற்றும்போது பகல், அரை நைட்டு, முழு நைட்டு என்று முன்னோக்கிப் போவது. பின்னோக்கி மாற்றினால் உடம்பின் கடிகாரம் பழகச் சிரமப்படும். பீஸ் ரேட்டை வேலை ஆரம்பிக்கும் முன்பே பலகையில் எழுதிப்போடுவது. கொஞ்சம் பொறுப்புக் கொடுத்தவருக்கு அதற்குத் தக்க அதிகாரமும் கொடுப்பது: ஒரு குறிப்பிட்ட தொகை வரைக்கும் கூரியர், சாம்பிள் செலவுக்குத் தன்னிடம் கேட்க வேண்டியதில்லை என்று சொன்னாலே மெர்ச்சண்டைசரின் நாளில் பாதி அலைச்சல் குறையும்.

நன்றாக உழைத்தவர் திடீரென்று வாயாடியாகவோ, பேச்சே இல்லாதவராகவோ மாறினால் "திமிரு ஏறிப்போச்சு" என்று முடிவு கட்டுவதுதான் வழக்கம். எரிந்துபோகிறவர்களில் பலர் ஒரு காலத்தில் எல்லோரையும்விட அக்கறையாக வேலை பார்த்தவர்கள். அவர்களைத் தனியே கூப்பிட்டு "என்னங்க, எந்த வேலை ரொம்ப இழுக்குது?" என்று கேட்பதற்குப் பத்து நிமிடம் போதும். கேட்டுவிட்டு எதையும் மாற்றாமல் விடுவது கேட்காமல் இருப்பதைவிடக் கெடுதல்.

திரும்பி வரும்போது

நீண்ட லீவுக்குப் பின் முதல் நாளிலேயே பழைய பாரத்தை முழுதாக ஏற்றக் கூடாது. முடிந்த இடங்களில் முதல் இரண்டு வாரம் அரை நாள், அடுத்த இரண்டு வாரம் முக்கால் நாள், ஓவர்டைமும் நைட் ஷிஃப்டும் மூன்று மாதத்துக்கு இல்லை என்ற ஏற்பாடு நன்றாக நிற்கும். அரை நாள் சம்பளம் கட்டுப்படியாகாது என்றால் நேரத்தைக் குறைக்காமல் ஸ்டைலையோ மெஷினையோ குறைக்கலாம். ஒரு விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: எந்தக் காரணத்தால் எரிந்ததோ அது ஓரளவாவது மாறியிருக்க வேண்டும்.

அந்த மாற்றம் பெரும்பாலும் மூன்றாவது மாதத்தில் கழன்றுவிடும். ஒரு ஆள் நின்றுவிடுவார், அவருடைய ஒரு ஸ்டைல் "இந்த மாசம் மட்டும்" என்று மேசைக்கு வரும். அடுத்த மாதம் இன்னொன்று. அதனால் மூன்றாவது மாதத் தொடக்கத்தில் மறுபடியும் ஒரு வாரம் அந்த நோட்டைத் திறந்து எழுத வேண்டும். ஏழு ஸ்டைல் என்று பேசியது எட்டாகியிருந்தால் அந்த வாரமே போய்ப் பேச வேண்டும், ஒன்பதாகும்வரை பொறுக்கக் கூடாது.